முற்றத்தில் தண்ணீர் தேங்குகிறது: மூன்று குத்தகையாளர் (கான்ட்ராக்டர்), மூன்று விலை. யாரிடம் கொடுப்பது?

செத்தாப்பாக் மூலை வீடு:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம். அரைகுறையாகக் கேட்டால் பதிலும் அரைகுறையாகத்தான் வரும் என்பதால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் ஒரு பழைய தாமான் (குடியிருப்புப் பகுதி). மாடி இல்லாத வரிசை வீடு, அதில் கடைசி வீடு. அப்பா 1983இல் வாங்கியது. கடைசி வீடு என்பதால் பக்கத்தில் 9 அடி அகலத்துக்கு, முன் கேட்டிலிருந்து பின் மூலைவரை 55 அடி நீளத்துக்கு ஒரு முற்றம் உண்டு. சமையலறைக் கதவு அந்த முற்றத்தில்தான் திறக்கும், கேட்டிலிருந்து சுமார் 38 அடி தள்ளி. முற்றத்தின் மறுபக்கம் மதில். மதிலுக்கு அந்தப் பக்கத்து மண் எங்கள் தரையைவிட நாலடி உயரம். மதிலின் அடியில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள் இருக்கின்றன. மழை விட்டு இரண்டு மூன்று நாள் ஆனாலும் அவற்றிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்புவரை அந்த இடத்தில் புல்லும் மண்ணும்தான். அம்மா ஒரு முருங்கையும் இரண்டு கருவேப்பிலையும் வைத்திருந்தார். மழை நேரத்தில் சேறு வருகிறதென்று ஒருவரைப் பிடித்து 5,600 வெள்ளிக்கு (ரிங்கிட்) முழுவதும் சிமெண்ட் போட்டோம். மதிலோரமாக ஆறு இன்ச் அரைவட்டக் கால்வாய் ஒன்றும் வைத்துக் கொடுத்தார். முன்னால் சாலையோர லோங்காங்கில் (மழைநீர்க் கால்வாயில்) போய் விழும் என்றார். முதல் மூன்று மாதம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் சமையலறைக் கதவுக்கு நேரே தரை மெல்ல இறங்க ஆரம்பித்தது. இப்போது ஒரு மணி நேரம் மழை பெய்தால் கதவுப் படியை ஒட்டி இரண்டு விரல் கிடைத் தண்ணீர் நிற்கிறது. வடிய இரண்டு நாள் ஆகிறது. அவருக்கு எத்தனையோ தடவை போன் செய்தோம். முதலில் வருகிறேன் என்றார், பிறகு எடுப்பதே இல்லை.

முருங்கைக்குத் தண்டைச் சுற்றிச் சின்னக் குழி விட்டிருந்தார்கள். தண்ணீர் அதில் நின்று வேர் அழுகி, போன வருடம் மரம் அப்படியே சாய்ந்துவிட்டது. அதையாவது பொறுத்துக்கொண்டோம். ஜூன் மாதம் அம்மா துணி எடுக்கப் போய், பாசியில் கால் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. அவருக்கு 78 வயது. ஆறு வாரம் மாவுக்கட்டு. சோற்றைப் பிசைய முடியாமல் இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார். இனியும் தள்ளிப்போட முடியாது.

இந்த மாதம் மூன்று பேரை வரவழைத்துப் பார்த்தேன்.

முதலாமவர் 3,800 வெள்ளி கேட்கிறார். இருக்கிற சிமெண்டின் மேலேயே இன்னும் இரண்டு இன்ச் போட்டுச் சரிவு கொடுத்துவிடலாம், மதில் ஓட்டைகளை அடைத்துவிடலாம், மிச்சத் தண்ணீரைப் பின்னால் இருக்கும் மேன்ஹோலில் குழாய் போட்டு இறக்கிவிடலாம் என்கிறார். இரண்டு நாள் வேலையாம்.

இரண்டாமவர் 6,500. பின் மூலையில் நாலடிக்கு நாலடி, நாலடி ஆழத்தில் குழி தோண்டிக் கல்லைக் கொட்டி, ஓட்டைக் குழாயைத் துணி சுற்றி மண்ணுக்குள் பதித்தால் தண்ணீர் பூமிக்குள் இறங்கிவிடும் என்கிறார். வெளிநாட்டு வீடியோ ஒன்றையும் காட்டினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாமவர் 11,200. எல்லாவற்றையும் உடைத்து எடுத்து, மண்ணை இறுக்கி, மதிலோரம் ஒன்பது இன்ச் யூ வடிவ வடிகால் வைத்து, மேலே இரும்புக் கிரேட்டிங் (கம்பி மூடி) போட்டு முன் லோங்காங்கில் சேர்க்க வேண்டும் என்கிறார். பத்து நாள்.

நான் பள்ளி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கணவருக்கு ஜொகூரில் வேலை, வெள்ளி இரவுதான் வருவார். ஒரே இடத்தைப் பார்த்து மூன்று பேர் மூன்று கதை சொல்கிறார்கள். விலையை வைத்து முடிவெடுக்க எனக்குத் தைரியம் இல்லை, ஒருமுறை ஏமாந்தாயிற்று. யார் சொல்வது சரி, அதை நான் எப்படித் தெரிந்துகொள்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கெப்போங், ஓய்வுபெற்ற கட்டுமான மேற்பார்வையாளர்:

அம்மா கை குணமாகிவிட்டதா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

31 வருடம் இந்த வேலையில் இருந்தேன். மூன்று பேரில் யார் சரி என்று இப்போதே சொல்ல மாட்டேன், ஏனென்றால் யாருமே மட்டம் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போய்ச் சேர வேண்டும், இரண்டுக்கும் நடுவில் எத்தனை இன்ச் இறக்கம் இருக்கிறது. இந்த மூன்றையும் பார்க்காமல் விலை சொல்பவர் சிமெண்டுக்குத்தான் விலை சொல்கிறார்.

ஆனால் முதலாமவர் சொன்னதில் மூன்று விஷயத்தை இப்போதே தள்ளிவிடலாம். மேன்ஹோலில் மழைத் தண்ணீரை விடவே கூடாது. நம் நாட்டில் கழிவறைத் தண்ணீருக்கு ஒரு குழாய், மழைத் தண்ணீருக்கு லோங்காங், இரண்டும் வேறு வேறு. இண்டா வாட்டர் (கழிவுநீர் நிறுவனம்) குழாய்க்குள் மழையை இறக்கினால் அது நிரம்பி, உங்கள் வீட்டுக் கழிவறை வழியாகவோ பக்கத்து வீட்டுக் கழிவறை வழியாகவோ மேலே வரும். சட்டப்படியும் தப்பு. இரண்டாவது, மதில் ஓட்டையை யார் அடைக்கச் சொன்னாலும் விடாதீர்கள். அந்தப் பக்கம் நாலடி மண் நனைந்து நிற்கிறது. அதிலுள்ள தண்ணீர் வெளியேறத்தான் அந்த ஓட்டை. அடைத்தால் தண்ணீரின் தள்ளுவிசை முழுவதும் மதில் மேல் விழும். மதில் வயிறு தள்ளிச் சாய்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். மூன்றாவது, இறங்குகிற தரை மேல் இன்னும் இரண்டு இன்ச் போட்டால் பாரம் கூடி இன்னும் இறங்கும், தரையும் சமையலறைப் படிக்குச் சமமாக வந்துவிடும்.

சரி, மட்டம் பார்ப்பது எப்படி? கருவி வாங்க வேண்டாம். இரும்புக்கடையில் விரல் கனத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் குழாய் 60 அடி வாங்குங்கள். ஒரு முனையை வாளித் தண்ணீரில் வைத்து மறுமுனையில் உறிஞ்சி நிரப்புங்கள். உள்ளே ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது, இருந்தால் கணக்கு தப்பும். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கேட் பக்கம் மதிலில் ஒரு கோடு போட்டு, குழாயில் தண்ணீர் அந்தக் கோட்டில் நிற்கும்படி பிடிக்க வேண்டும். மற்றவர் தன் முனையில் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கே கோடு போட வேண்டும். 55 அடி தள்ளி இருந்தாலும் இரண்டு கோடும் ஒரே மட்டம். ரசமட்டத்தை வைத்து நீளமான இடம் பார்ப்பதைவிட இது நம்பகமானது. பிறகு கோட்டிலிருந்து தரைவரை டேப் வைத்து அளந்துகொண்டே வாருங்கள். எண் கூடினால் தரை பள்ளம், குறைந்தால் மேடு. முன் லோங்காங்கின் அடிமட்டத்தையும் அதே கோட்டிலிருந்து அளக்க மறக்காதீர்கள்.

குறைந்தது 100க்கு 1 வாட்டம் (சரிவு) வேண்டும். எட்டடிக்கு ஒரு இன்ச் என்று கொத்தனார் சொல்வது அதுதான். 55 அடிக்கு ஆறரை இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல்.

இரண்டாமவர் சொல்லும் குழிக்கு வேறொரு சோதனை உண்டு. ஓரடி ஆழத்தில் ஒரு குழி வெட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். இறங்கிய பிறகு மறுபடி நிரப்பி, மாலையிலிருந்து காலைவரை எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். மணல் பூமியில் அவருடைய முறை அருமையாக வேலை செய்யும். களிமண்ணில் அது மூடி போட்ட தொட்டி.

இன்னொன்று, உங்கள் கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று எழுதவில்லையே?

செத்தாப்பாக் மூலை வீடு:

ஐயா, மிக்க நன்றி. அம்மா கட்டு பிரித்துவிட்டார், விரல் மடக்கப் பழகுகிறார்.

கூரையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. சமையலறையை நீட்டிக் கட்டியபோது பின் கூரைத் தண்ணீர் முழுவதையும் ஒரே குழாயில் இந்த முற்றத்துக்குத் திருப்பிவிட்டார்கள். பின் கூரை 22 அடிக்கு 27 அடி. சனிக்கிழமை கணவர் வந்ததும் எல்லாம் அளந்து எழுதுகிறேன்.

ரவாங், சின்னக் குத்தகையாளர்:

வணக்கம் அக்கா. நான் இதே தொழில்தான், எனக்கு வேலை கொடுங்கள் என்று எழுதவில்லை. விலை ஏன் இவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று உள்ளே இருப்பவனாகச் சொல்கிறேன்.

உடைத்தெடுக்கும் வேலையில் உடைப்பது பாதிச் செலவு, குப்பையைக் கொண்டு போய்க் கொட்டுவது மீதிச் செலவு. 9க்கு 55 அடி, நாலு இன்ச் கனம் என்றால் உடைத்த கான்கிரீட் மட்டும் ஒரு லோரிக்கு மேல் வரும். அதை அனுமதி உள்ள இடத்தில் கொட்டக் காசு கட்ட வேண்டும். விலை குறைத்துச் சொல்பவர் அதை எங்கே கொட்டப் போகிறார் என்று கேளுங்கள். ஆற்றோரத்திலும் காலி நிலத்திலும் கிடக்கிற மூட்டை மூட்டையான கல் எல்லாம் யாரோ ஒருவருடைய முற்றத்திலிருந்து வந்ததுதான்.

அடுத்தது மண்ணை இறுக்குவது. உங்கள் பழைய தரை இறங்கியதற்குக் காரணம் நூற்றுக்குத் தொண்ணூறு அதுதான். மண்ணைக் கொட்டிக் காலால் மிதித்துவிட்டு மேலே சிமெண்ட் போட்டிருப்பார்கள். வாடகைக்கு ஒரு இறுக்கும் மெஷின் எடுத்து, ஆறு இன்ச் ஆறு இன்ச்சாகப் போட்டு இறுக்கினால் ஒருநாள் கூடுதல். அந்த ஒரு நாளை மிச்சம் பிடிப்பவர்தான் விலை குறைத்துச் சொல்கிறார். முடிந்த பிறகு பார்த்தால் இரண்டு தரையும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் மண் இறுக்குகிற நாள் எது என்று கேட்டு, அன்றைக்கு லீவு போட்டு வீட்டில் இருங்கள் அக்கா. பூச்சு வேலை நாளில் நீங்கள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பதிவு பார்க்க வேண்டும். கட்டுமான வேலை செய்பவர் சிஐடிபியில் (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில்) பதிந்திருக்க வேண்டும், 1994ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஜி1 முதல் ஜி7 வரை தரம், எங்களைப் போன்ற சின்ன ஆள் ஜி1. அவர்களுடைய இணையப் பக்கத்தில் கம்பெனிப் பெயரைப் போட்டால் பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். வேலையாட்களிடம் சிஐடிபி பச்சை அட்டை இருக்க வேண்டும். பதிவு இருந்தால் நல்ல வேலை செய்வார் என்று அர்த்தம் இல்லை. ஆனால் ஓடிப்போனால் தேடிப் பிடிக்க ஒரு முகவரி இருக்கும்.

செத்தாப்பாக் மூலை வீடு:

அளந்துவிட்டோம். காலை ஏழரைக்கு ஆரம்பித்து மதியமாகிவிட்டது. குமிழியை வெளியேற்றத்தான் ரொம்ப நேரம் பிடித்தது. விரலால் சுண்டிச் சுண்டிக் குழாயின் வாய்வரை நகர்த்த வேண்டியிருந்தது. அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணெல்லாம் என் மகளின் பழைய கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார், இடது கையால்.

கோட்டிலிருந்து தரை, கேட் பக்கம் 31½ இன்ச். பின் மூலையில் 32. சமையலறைக் கதவுக்கு நேரே 33. இதைப் பார்த்ததும் கணவர் டேப்பைக் கீழே வைத்துவிட்டார். முன்பக்கம் போக வேண்டிய தண்ணீர் ஒன்றரை இன்ச் மேடு ஏற வேண்டும். இரண்டு வருடமாக அடைப்பு அடைப்பு என்று கம்பி விட்டுக் குத்திக்கொண்டிருந்தோம். அடைப்பே இல்லை.

சாலையோர லோங்காங்கின் அடிமட்டம் கோட்டிலிருந்து 58 இன்ச். அதன் சுவரில் சேறு ஏறி நின்ற தடம் அடியிலிருந்து ஓரடி உயரத்தில் தெரிகிறது, அதாவது கோட்டிலிருந்து 46 இன்ச்சில்.

குழியும் வெட்டினோம். மண்வெட்டியில் ஒட்டுகிற மஞ்சள் களிமண். சாயங்காலம் ஆறு மணிக்கு 12 இன்ச் தண்ணீர், மறுநாள் காலை ஏழு மணிக்கு 9 இன்ச். பதின்மூன்று மணி நேரத்தில் மூன்றே இன்ச்.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு நல்ல மழை. குடை பிடித்துக்கொண்டு முற்றத்திலேயே நின்றேன். முதல் பத்து நிமிடம் மதில் ஓட்டையில் சொட்டுக்கூட இல்லை. கூரைக் குழாயிலிருந்துதான் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, அது நேராகக் கதவுப் பள்ளத்துக்கு ஓடி வருகிறது. ஓட்டைகளில் கசிவு தொடங்கியது மழை விட்ட பிறகுதான். இவ்வளவு நாளும் மதிலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

கெப்போங், ஓய்வுபெற்ற கட்டுமான மேற்பார்வையாளர்:

அருமையாக அளந்திருக்கிறீர்கள். இந்தப் பக்கத்தை அப்படியே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இதுதான் இனி உங்கள் ஒப்பந்தம்.

முற்றமும் பின் கூரையும் சேர்ந்தால் ஏறக்குறைய 100 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஒரு மணி நேரத்தில் 60 மி.மீ. பெய்தால் உங்கள் முற்றத்துக்கு 6,000 லிட்டர் வருகிறது. ஆனால் நம் ஊர் மழை ஒரே சீராகப் பெய்யாது. கொட்டுகிற அந்த ஐந்து நிமிட வேகத்தை எடுத்தால் மணிக்கு 200 மி.மீ.யைத் தாண்டிவிடும். அப்போது நொடிக்கு ஐந்தரை லிட்டர், அதாவது நாலு நொடிக்கு ஒரு 20 லிட்டர் வாளியைக் கவிழ்ப்பது மாதிரி. நாலு இன்ச் குழாய் 100க்கு 1 வாட்டத்தில் நிரம்பி ஓடினால் கிட்டத்தட்ட அவ்வளவுதான் கொள்ளும். இரண்டு இலை சிக்கினால் முடிந்தது. அதனால் திறந்த யூ வடிகாலே நல்லது. கிரேட்டிங்கைத் தூக்கி நீங்களே கூட்டிவிடலாம். மண்ணுக்குள் புதைத்த குழாயை யார் சுத்தம் செய்வது?

உங்கள் எண்ணை வைத்துப் பாருங்கள். பின் மூலையில் வடிகால் அடிமட்டம் கோட்டிலிருந்து 38 இன்ச்சில், அதாவது தரைக்கு ஆறு இன்ச் கீழே தொடங்கட்டும். 55 அடிக்கு 6.6 இன்ச் வாட்டம் கொடுத்தால் முன்னால் 44.6. லோங்காங்கில் தண்ணீர் ஏறுகிற தடம் 46. ஆகவே வடிகால் லோங்காங்கில் விழும் வெளிவாய் அதற்கு ஒன்றரை இன்ச் மேலே இருக்கும். கொஞ்சம்தான் இடம், ஆனால் போதும். இதைவிடத் தாழ்த்த விடாதீர்கள்.

வடிகாலை மதிலோரமாக வையுங்கள். மழைக்குப் பிறகு வரும் கசிவும் அதிலேயே விழுந்துவிடும். தரை வீட்டுப் பக்கமிருந்து மதில் பக்கம் சாய வேண்டும். கூரைக் குழாயைத் தரைக்கு அடியில் கொண்டுபோய் நேராக வடிகாலில் விடுங்கள், தரையில் கொட்ட விடாதீர்கள்.

சேறு படிய ஒரு தொட்டி வைக்கலாம் என்பார்கள். வைத்தால் அதில் எப்போதும் தண்ணீர் நிற்கும், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். சுகாதாரத் துறையினர் வந்து பார்த்துச் சம்மன் எழுதினால் வீட்டுக்காரருக்குத்தான். உங்கள் அளவுக்குத் தொட்டி வேண்டாம், வாரம் ஒருமுறை கூட்டினால் சரி.

வடிகால், நீர்ப்பாசனத் துறையின் மஸ்மா என்ற மழைநீர் மேலாண்மைக் கையேடு 2000இல் வந்தது, 2012இல் இரண்டாம் பதிப்பு. மழை விழுந்த இடத்திலேயே கொஞ்சம் பிடித்து வைத்து மெதுவாக வெளியே விடச் சொல்வதுதான் அதன் சாரம். எல்லா வீடும் முற்றம் முழுக்கச் சிமெண்ட் போட்டு ஒரே நேரத்தில் லோங்காங்கில் கொட்டினால் கீழே இருக்கிற தாமான் மூழ்கும். கூரைக் குழாயின் வாயில் வலை போட்ட ஒரு பீப்பாய் வையுங்கள், அம்மா செடிக்கும் ஆகும்.

லோங்காங்கின் சுவர் உங்களுடையது அல்ல, மாநகராட்சியுடையது. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் வருகிறது. உடைத்து வாய் வைப்பதற்கு முன் டிபிகேஎல்லில் (கோலாலம்பூர் மாநகராட்சியில்) கேட்டுவிடுங்கள்.

ஜெலுத்தோங் அக்கா:

தங்கச்சி, நான் பினாங்கிலிருந்து எழுதுகிறேன். மேலே கெப்போங் அண்ணன் வெளிவாயைத் தாழ்த்த விடாதே என்று சொன்னாரே, அதன் அருமை எனக்குத் தெரியும். 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு இங்கே பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. பின் முற்றத்துக் கால்வாய் வழியாகத் தெருத் தண்ணீர் திரும்பி உள்ளே வந்தது. வெளிவாய் அவ்வளவு தாழ்வாக வைத்திருந்தார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு அரிசி மூட்டையைக் கட்டில் மேல் தூக்கி வைத்தேன்.

அதைச் சரிசெய்ய ஒருவரைப் பிடித்தோம். 8,000 வெள்ளி வேலை, பாதி முன்பணம் கேட்டார், கொடுத்தேன். இரண்டு நாள் வந்து உடைத்துப் போட்டார்கள், மூன்றாம் நாளிலிருந்து ஆள் இல்லை. உடைந்த கல்லைத் தாண்டித்தான் ஒரு மாதம் கழிவறைக்குப் போனோம். என் வீட்டுக்காரர் விட்டுவிடு என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போனேன். ஐந்து வெள்ளி கட்டணம், ஒரு பாரம் (படிவம்), அவ்வளவுதான். வக்கீல் கிடையாது, நாமே பேசலாம். அப்போது 25,000 வெள்ளிவரைதான் கேட்க முடியும், இப்போது 50,000 ஆக்கியிருக்கிறார்கள். மூன்று வருடத்துக்குள் போக வேண்டும்.

அங்கே என்னைக் காப்பாற்றியது வாட்ஸ்அப். "நாளைக்கு வருகிறேன் அக்கா" என்று அவர் அனுப்பிய பதினோரு செய்தியையும் அச்செடுத்துக் கொண்டு போனேன். வங்கியில் பணம் போட்ட சீட்டும் இருந்தது. எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது, பணத்தை இரண்டு தவணையாகக் கட்டினார். கையில் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது.

உங்கள் பழைய ஆளுக்கு இரண்டு வருடம்தானே ஆகிறது? இன்னும் காலம் இருக்கிறது தங்கச்சி. சீட்டு இருக்கிறதா பாருங்கள். புது ஆளை உடைக்க விடுவதற்கு முன் பழைய தரையை எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், டேப் தெரியும்படி. உடைத்துவிட்டால் சாட்சி போய்விடும்.

செத்தாப்பாக் மூலை வீடு:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அக்கா சொன்னபடி 34 படம் எடுத்தேன். பழைய சீட்டு அப்பாவின் பைலுக்குள் கிடைத்தது. தீர்ப்பாயத்தில் மனு போட்டாயிற்று, தேதிக்குக் காத்திருக்கிறோம்.

மூன்று பேரையும் மறுபடி கூப்பிட்டு அளவுத் தாளைக் காட்டினேன். முதலாமவர் இதெல்லாம் தேவையில்லை என்றார். இரண்டாமவர் குழியில் நின்ற தண்ணீரைப் பார்த்துவிட்டு இந்த மண்ணுக்குத் தன்னுடைய முறை ஆகாது என்று நேராகவே ஒத்துக்கொண்டார். அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. மூன்றாமவர் தாளை வாங்கி, தன்னிடம் இருந்த குழாயை எடுத்து எங்கள் எண்ணைத் தானே சரிபார்த்தார். கால் இன்ச்தான் வித்தியாசம். முன்பக்கத்து 20 அடித் தரை நன்றாக இருக்கிறது, அதை உடைக்க வேண்டாம், வடிகாலுக்கு மட்டும் வெட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி 9,400க்கு இறங்கினார். அவரிடமே கொடுத்தோம். பதிவையும் பார்த்துவிட்டேன். டிபிகேஎல்லில் கேட்டுவிட்டுத்தான் வெளிவாய் வைத்தார்.

முன்பணம் 1,880. வடிகால் அடிமட்டம் முடிந்து நாங்கள் மட்டம் பார்த்த பிறகு 3,760. தரை முடிந்ததும் 2,760. மீதி 1,000 நவம்பர் மழை முடிந்த பிறகு. எல்லாம் வங்கி வழியாகத்தான். ஒப்பந்தத்தில் 38 என்றும் 44.6 என்றும் எண்ணையே எழுதிக் கையெழுத்து வாங்கினோம்.

ரவாங் தம்பி சொன்னபடி மண் இறுக்குகிற நாளில் லீவு எடுத்தேன். பழைய சிமெண்டுக்கு அடியில் என்ன இருந்தது தெரியுமா? உடைந்த ஓடு, சிமெண்ட் பை, தென்னை மட்டை. மட்டை மக்கி உள்ளே வெற்றிடமாகவே இருந்தது, கையை விட்டால் முழங்கைவரை போனது. அதையும் படம் எடுத்து மனுவோடு சேர்த்திருக்கிறேன்.

வடிகாலுக்கு அடிப்பூச்சு போட்ட மறுநாள் காலை அம்மாதான் ஒரு யோசனை சொன்னார். சாமிக்கு வைத்து வாடிய மல்லிகையை உதிர்த்துப் பின் மூலையில் போட்டு, ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றச் சொன்னார். பூவெல்லாம் ஓடிக்கொண்டே வந்தது, 22ஆவது அடியில் வந்ததும் வட்டமாகச் சுற்றி நின்றுவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகும் ஏழெட்டுப் பூ அங்கேயே ஒட்டிக் கிடந்தது. குழாய் வைத்துப் பார்த்தால் அரை இன்ச் பள்ளம். குத்தகையாளர் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, ஆளைக் கூப்பிட்டு ஆறடியைச் சுரண்டி எடுத்து மறுபடி போட வைத்தார். அடுத்த நாள் மறுபடி பூவைப் போட்டோம். எல்லாம் முன் லோங்காங்கில் போய் விழுந்தது.

போன வாரம் மூன்று நாள் தொடர்ந்து மாலை மழை. மழை விட்டுப் பத்தாவது நிமிடம் கதவு முன்னால் தரை ஈரம்தான், தண்ணீர் இல்லை. வெளிவாயில் போய்ப் பார்த்தேன், லோங்காங்குத் தண்ணீர் முக்கால் அடிவரைதான் ஏறியிருந்தது. மதில் ஓட்டைகள் வழக்கம்போலக் கசிகின்றன, நேராக வடிகாலில் விழுகிறது.

கிரேட்டிங் ஒவ்வொன்றும் மூன்றடி நீளம், கனம். அம்மாவால் தூக்க முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் தூக்கிக் கூட்டுகிறோம். கருவேப்பிலை இரண்டையும் பெரிய தொட்டிக்கு மாற்றியாயிற்று, ஒன்று துளிர்த்துவிட்டது. தீர்ப்பாயத் தேதி வந்ததும் எழுதுகிறேன். அக்கா, பாரத்தை நிரப்பும்போது சேதத்துக்கு அம்மாவின் மருத்துவச் செலவையும் சேர்த்துக் கேட்கலாமா என்று உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.